நோவுக்கும் நோவுக்கும் நடுவே

தாலுகா ஆஸ்பத்திரியில் நர்சுமாருக்கு மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கொடுப்பதற்குத் தலைநகரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் முடித்த பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். ஓய்வு பெற்று, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பை மடித்தும் பிரித்தும் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த அழைப்பே பெரிய சொத்து. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"சிஸ்டர் எப்பளும் சிரிச்சோண்டுதானே இருந்திய? கோவப்பட்டு நாங்க கண்டதே இல்லியே. அது எப்பிடி?"

ஒலிபெருக்கியின் முன்னால் நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். ஒரு முகம் வந்து நின்றது. ஒரு பஸ் வந்து நின்றது. எங்கே தொடங்குவது? சிரித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கைதட்டினார்கள். அந்தச் சிரிப்பையே பதில் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் இல்லை. அந்தப் பெண் கேட்டது என் சிரிப்பைப் பற்றி. அது என்னுடையதே இல்லை. இன்னொருத்தியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவளைப் பற்றிச் சொல்லாமல் என்னத்தைச் சொல்ல?

நான் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் திருப்புறத்துக்காரி. திருவனந்தபுரத்தில் பிரசவம் பார்க்கும் படிப்பு. வெள்ளைப் புடவை, கார்பாலிக் சோப்பின் மணம், முடிவே இல்லாத வார்டுகள், குதிகால் வலி, பரீட்சை, வேலை உத்தரவு. அந்த வருடங்கள் என் நினைவில் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. உத்தரவு என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு சிறிய பிரசவ விடுதி. இரண்டு கட்டில், ஓர் அலமாரி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், பாசி பிடித்த ஒரு கிணறு. டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார், வராமலும் இருப்பார். மற்றபடி அங்கே எல்லாமே ஞானம்மாள் அக்காதான்.

ஆட்கள் முன்னால் சிஸ்டர், தனியாக இருக்கும்போது அக்கா. பழைய மிஷன் சபைக் குடும்பத்தில், தெற்கே விளவங்கோட்டுப் பக்கம் பிறந்தவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. கல்யாணம் ஆகவில்லை. பாட்டு வராது, ஆனாலும் பாடுவாள். கிணற்றடியில் அவள் ஞானப்பாட்டை எடுத்தால், பக்கத்து ரப்பர் விளையில் பால் வெட்டுகிறவர்கள் கத்தியை வைத்துவிட்டு, "சிஸ்டரே, மரம் பால் சுரக்க மாட்டேங்குது" என்று கத்துவார்கள். அதற்கும் ஒரு பல்லவி கூட்டிப் பாடுவாள்.

எந்த இடைஞ்சல் வந்தாலும் அக்கா அதைச் சம்பந்தி என்றுதான் சொல்வாள். கத்தரிக்கோலை வேகவைத்துக்கொண்டிருக்கும்போது ஸ்டவ் மூச்சை விட்டால், "வாருங்க சம்பந்தி, இரியுங்க." தலைநகரிலிருந்து வரும் பஞ்சு மூட்டை மழையில் நனைந்து வந்து சேர்ந்தால், "இண்ணைக்கு சம்பந்தி குடும்பத்தோட வந்திருக்கு." புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கெட்டுப்போன ஸ்டவ்வும் ஒரு சம்பந்தியாக்கா?"

"பின்ன? சம்பந்தி வந்தா தொரத்த முடியுமா? முகத்தத் தூக்கி வச்சுக்கிட முடியுமா? இரியுங்கன்னு சொல்லணும், வெத்தில குடுக்கணும், அவிய குத்தம் சொல்லுகதக் கேட்டோண்டு இருக்கணும். சாயங்காலம் ஆனா அவியளே எழும்பிப் போவினும். ஒனக்குக் கெட்டு கழியல்லல்லா, ஒனக்கு என்ன தெரியும்?"

"ஒங்களுக்கு மட்டும் கெட்டு கழிஞ்சுதோ?"

"எனக்கு சம்பந்தி வாய்ச்ச அளவுக்கு மாப்பிள வாய்க்கல்ல மக்கா" என்று சொல்லிவிட்டு, ஸ்டவ்வின் வாயில் ஊசியை விட்டுக் குத்தினாள். அது 'குப்'பென்று பிடித்தது. "கண்டியா, வெத்திலைக்குத்தான் முகம் வாடியிருந்திருக்கு."

பேறு பார்ப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எங்களுக்குப் புத்தகத்தில் நோவைத்தான் கற்றுத் தந்திருந்தார்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த நோவு மெய், எந்த நோவு பொய். அக்கா பார்த்துக்கொண்டிருந்தது நோவுக்கும் நோவுக்கும் நடுவில் கிடக்கும் அந்தச் சின்ன வெளியை. பிள்ளை பெறுகிறவள் முழுநேரமும் வேதனையில் இருப்பதில்லை. அலை வரும், உலுக்கும், வடியும். வடிந்த பிறகு ஒரு சமாதானம் உண்டு. அந்த நேரத்தில் அடுத்த அலையை நினைத்து நடுங்கிக்கொண்டு கிடந்தால், அதுவும் நோவோடு சேர்ந்துவிடும்.

"நோவு வாறது ஒனக்கும் கர்த்தருக்கும் உள்ள ஏற்பாடாக்கும். நான் எடையில வர மாட்டேன்" என்பாள் கட்டிலில் கிடப்பவளிடம். "நோவு போனா நீ என்கூடப் பேசணும், கேட்டியா?"

பேச்சு பெரும்பாலும் மீன்கறி. சாளைக்குப் புளி போடுவாயா, மாங்காய் போடுவாயா? தேங்காயை வறுத்து அரைப்பாயா, பச்சையாகவா? பதில் எதுவானாலும் அக்கா அதற்கு எதிர்க்கட்சி. கிடப்பவள் எழுந்து உட்கார்ந்து வாதாடுவாள். கருப்பட்டிக் காப்பியை இரண்டு வாய் குடிப்பாள். சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறும். அக்கா உடனே வாயை மூடிக்கொள்வாள். அலை போனதும், "எங்கே விட்டோம்? ஆங், மாங்கா" என்று தொடங்குவாள். இந்த வழக்கு முடிவதற்குள் பிள்ளை பிறந்துவிடும்.

என் ஆயுளில் நான் மிகவும் வாழ்ந்த இடம் அந்த இடைவெளிதான் என்று இப்போது தோன்றுகிறது. வெளியே ரப்பர் இலை உதிர்கிற ஓசை. உள்ளே வெந்நீர்ப் பானையின் முணுமுணுப்பு. மூன்று பெண்கள் ஒரு மீனைப் பற்றிச் சண்டை போடுகிறோம். பிற்பாடு நான் வேலை பார்த்த பெரிய பிரசவ அறைகளில் விளக்கு உண்டு, விசிறி உண்டு, எல்லாம் உண்டு. அந்த வெளி மட்டும் இல்லை. அதை நிரப்ப யாருக்கும் நேரம் கிடையாது. பெண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். நான் ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று பேசிப் பார்த்தேன். ஒரு வழக்குக்கு எதிர்க்கட்சி வேண்டும். தனியாளாக நடத்த முடியாது.

அந்தக் காலம் எல்லைப் போராட்டத்தின் காலம். திரு-கொச்சியோடு கிடந்த தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம் ஊர்வலம். கூடாது என்று மறுபக்கம் ஊர்வலம். எங்கள் ஊர்களில் அடுப்படியில் ஒரு பேச்சு, சந்தையில் ஒரு பேச்சு. சண்டை போட்டவர்களும் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறித்தான் திட்டிக்கொண்டார்கள். பஸ் ஓடும், ஓடாது. அயினி மரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருப்பார்கள். பாறசாலை வரை வந்த பஞ்சு மூட்டை திரும்பிப் போய்விட்டது என்பார்கள். தெற்கே வெடிச்சத்தம் கேட்டது என்று ஒருவன் சொல்வான். இல்லை, அது பாறைக்கு வெடி வைத்தது என்று இன்னொருவன் சொல்வான். அக்காவின் அம்மை அந்தத் தெற்கில்தான் இருந்தாள். வாரக்கணக்கில் தகவல் இல்லை. அந்த நாட்களில் அக்கா கூடுதலாகப் பாடினாள், இன்னும் மோசமாக.

அப்போதுதான் ராசம்மை வந்தாள். அம்பூரி போகும் வழியில், மலைச்சரிவில் வீடு. முதல் பேறு வீட்டில் நடந்தது. பிள்ளை தலைக்குப் பதில் இடுப்பு முந்தி வந்திருக்கிறது. பாதி வெளியே வந்து நின்றதும், வீட்டில் இருந்தவர்கள் பதறி, பிடித்து இழுத்துவிட்டார்கள். பிள்ளை பிழைக்கவில்லை. இது இரண்டாவது. புருஷன் செல்லப்பன் போராட்டக்காரன். போலீஸ் தேடுகிறது என்று மலைக்கு மேலே எங்கோ ஒளிந்திருந்தான். அக்கா அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மேலே நெஞ்சுக்குக் கீழே உருண்டையாக, கட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. மரக்குழலை வைத்துக் கேட்டாள். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு தொப்புளுக்கு மேலே கேட்டது. தலை மேலே இருக்கிறது. இந்தப் பிள்ளையும் இடுப்பு முந்தித்தான்.

அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "சம்பந்தி நேரா அடுக்களைக்குள்ள கேறியாச்சு மக்கா."

ராசம்மையிடம் ஒளிக்கவில்லை. சொன்னாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு வழக்கம்போல, "அது கெடக்கட்டு. சாளைக்கு நீ புளியா, மாங்காயா?" என்றாள்.

"எனக்கு மீன்கறி வைக்கத் தெரியாது" என்று ராசம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொரு முறை வந்தபோதும் அக்கா கேட்டாள். ஒவ்வொரு முறையும் அதே பதில். அந்தப் பெண்ணின் கண்ணில் நோவு தொடங்குவதற்கு முன்பே நோவு இருந்தது. அவளுக்கு இடைவெளியே கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பார்த்து வைத்திருந்த வாரத்தில் சாலை அடைந்துவிட்டது. ஒரு காலையில் அவளுடைய மாமியார் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "நோவு கண்டுபோச்சு சிஸ்டரே. எங்க கொண்டு போக? வண்டியும் இல்ல, வழியும் இல்ல."

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். சந்திப்பில் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். வயிறு பெருத்த ஒருவர் பையைக் கவிழ்த்தார். கத்தரிக்கோல், நூல், ரப்பர் குழாய், மரக்குழல். குழலைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"எந்தா இது? பீப்பியோ?"

மாமியார் அழத் தொடங்கினாள். அக்கா குழலை அவர் கையிலிருந்து வாங்கி, அகன்ற முனையை அவருடைய பெல்ட்டுக்கு மேலே வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு, "சாறினு எத்ர மாசமாயி?" என்றாள்.

சாருக்கு எத்தனை மாசம் ஆச்சு என்று கேட்கிறாள்! கூட நின்ற போலீஸ்காரர்கள் ஒரு நொடி திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். பொருட்களைத் தன் கையாலேயே பொறுக்கிப் பைக்குள் போட்டார். மேட்டில் ஏறும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸ்போல இருந்தது.

வீட்டில் ஒரு மரக்கட்டில். கத்தரிக்கோலையும் நூலையும் பானையில் போட்டு வேகவைத்தோம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினோம். கருப்பையின் வாய் முழுதும் திறந்துகொள்ளும் வரை ராசம்மை முக்கக் கூடாது. அதுதான் முதல் கஷ்டம். முக்கு முக்கு என்று உடம்பு தள்ளும். வேண்டாம் என்று நாம் சொல்ல வேண்டும். அக்கா நாய் இளைப்பதுபோல் வாயைத் திறந்து இளைத்துக் காட்டினாள். கட்டிலருகே இரண்டு பெண்கள் முகத்தோடு முகம் வைத்து இளைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ராசம்மைக்கு வரவில்லை. "எனக்க பிள்ள போயிரும் சிஸ்டரே, இதுவும் போயிரும்" என்பதைத் தவிர அவளிடம் சொல்லே இல்லை.

நேரம் வந்தது. அவளைக் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்து, இடுப்பு வெளியே நிற்கும்படி வைத்தோம். ஒரு காலை மாமியார் பிடித்தாள், ஒரு காலை நான். அக்கா ஒரு குரண்டிப் பலகையைப் போட்டுக் கீழே உட்கார்ந்தாள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தயாராக வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கைகளைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன்.

முதலில் பிட்டம் வந்தது. பிறகு கால்கள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. தொப்புள் வரை பிள்ளை வெளியே வந்தது, பெண் பிள்ளை. அக்கா கொடியை இரண்டு விரலால் சற்றுத் தளர்த்தி, துடிப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. துண்டைச் சுற்றினாள். முதுகு மேலே பார்த்து இருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடி கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். நோவு வடிந்துவிட்டது. பாதிப் பிள்ளை வெளியே, பாதி உள்ளே.

"இழு சிஸ்டரே!" மாமியார் அலறினாள். "பிடிச்சு இழு! என்னத்தப் பாத்தோண்டு இருக்க?"

"இழுக்கப்பிடாது மாமி. இழுத்தா கை ரெண்டும் மேல போயி தலையோட பூட்டிக்கிடும். அது தானே வரட்டு."

"போச்சு! போச்சு! இதும் போச்சு!"

என் கைகள் தாமாக முன்னால் போயின. ஆமாம், இழுக்கத்தான். படித்ததெல்லாம் மறந்துவிட்டது. பாதியில் நிற்கும் உயிரைப் பார்த்தால் எந்தக் கைக்கும் அதுதான் தோன்றும். எங்கள் ஊரில் வெப்ராளம் என்பார்கள். பதற்றம் என்று எழுதினால் அது அடங்குவதில்லை. நெஞ்சும் கையும் நாக்கும் ஒரே நேரத்தில் பறக்கும் நிலை அது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் கைகள் ராசம்மையின் காலுக்கே திரும்பின.

அடுத்த நோவு வரும் வரை கிடந்த அந்த வெளியில், அக்கா நிதானமாகத் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"ராசம்மே. சாளைக்குப் புளியா, மாங்காயா?"

"மாங்கா!" என்று ராசம்மை கத்தினாள். கோபத்தில் கத்தினாள். "மாங்காதான்! புளி போட்டா எவ தின்னுவா?"

"அப்பிடிச் சொல்லு! இத்தர நாளு எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள் அக்கா. ராசம்மையின் தொண்டையில் அழுகையும் சிரிப்பும் முட்டி ஒரு விசித்திரமான ஓசை வந்தது. அவள் தொடை என் கையில் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சிக்குள் அலை வந்தது. தோள்பட்டை எலும்புகள் தெரிந்தன. ஒரு கை வழுகி இறங்கியது, மறுகை இறங்கியது. பிள்ளை தன் எடையிலேயே தொங்கியது. தலை மட்டும் உள்ளே. அக்கா இன்னும் தொடவில்லை.

அப்போதுதான் கீழே பார்த்தேன். குரண்டிக்குக் கீழே, புடவை ஓரத்துக்கு வெளியே அக்காவின் பாதங்கள். பத்து விரல்களும் சாணி மெழுகிய தரையைப் பறண்டிக்கொண்டிருந்தன. மண் பெயர்ந்து சின்னச் சின்னக் குழியாகியிருந்தது. மடியில் கைகள் கோயில் சிலைபோல. முகத்தில் மாங்காய்ச் சிரிப்பு. உடம்பில் இருந்த அத்தனை வெப்ராளத்தையும் அவள் கால்விரலுக்கு இறக்கி விட்டிருந்தாள். அம்மையின் தகவல் வராத வாரங்களும் அடைந்த சாலையும் போலீஸ்காரரின் வயிறும் அங்கேதான் இருந்தன.

பிடரியில் முடி தெரிந்தது. கருப்பாக, ஈரமாக. அதற்குத்தான் காத்திருந்தாள். இரண்டு கணுக்காலையும் பிடித்து, பிள்ளையை மெதுவாக வில்போல மேலே தூக்கினாள். வாய் வெளியே வந்தது. துணி சுற்றிய விரலால் சளியைத் துடைத்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், மூக்கு, நெற்றி, உச்சி.

பிள்ளை வெளுத்துக் கிடந்தது. அழவில்லை. ரப்பர் குழாயை வாயில் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். ராசம்மை கூரையைப் பார்த்துக் கிடந்தாள். அக்கா குனிந்து பிள்ளையின் முகத்தில் ஊதினாள். மறுபடி தேய்த்தாள். ஒரு விக்கல். ஒரு செருமல். பிறகு அந்த மலைச்சரிவே கேட்கும்படி ஒரு அழுகை.

"பாட்டு என்னைப்போலத்தான் வரும்போலிருக்கு" என்றாள் அக்கா.

எல்லாம் முடிந்து கிணற்றடியில் கை கழுவும்போது அவளுடைய கால்விரல்களில் ரத்தம் கசிந்திருந்தது.

"அக்கா, ஒங்க காலு..."

"எறும்பு கடிச்சுது."

"மெழுகின தரையில எறும்பு ஏது?"

"சம்பந்தி வீட்டு எறும்பு" என்று சொல்லிவிட்டு வாளியை உதறினாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவிடவில்லை. பிற்காலத்தில் என் சிரிப்பைப் புகழ்ந்த பெண்களில் ஒருத்தியும் என் செருப்பின் உள்புறத்தைப் பார்த்ததில்லை.

ராசம்மை பிழைத்தாள், பிள்ளை பிழைத்தது. ஆனால் அவள் அந்தப் பிள்ளையை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. மாமியார் கையில் கொடுக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த செல்லப்பன் கையிலும் கொடுக்கவில்லை. அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். குளிப்பாட்டுவதும் அவளே. முதல் பிள்ளையைக் கைகள்தானே கொண்டுபோயின. நாங்கள் பார்க்கப் போனால் துணியை விலக்கிக் காட்டுவாள்.

"பாத்தா போதும் சிஸ்டரே. எடுக்காண்டாம். ஒண்ணும் நெனைக்கப்பிடாது."

"நான் என்னத்த நெனைக்க? நல்லா காவல் இரு" என்று அக்கா சிரிப்பாள். கைகளை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை திரும்பி வரும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவில், என்னிடம் இல்லாமல் வழியிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "எத்தனையோ எடுத்தாச்சு. இந்த ஒண்ண ஒருக்கா இடுப்புல வச்சுப் பாக்கணும்னு என்னத்துக்குத் தோணுது?" உடனே ஒரு பாட்டை எடுத்துவிட்டாள்.

பிறகு கோடு போட்டார்கள். தெற்குத் தாலுகாக்கள் அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே, கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டில் சாலைக்கு இந்தப் புறம் ஒரு மாநிலம், அந்தப் புறம் ஒரு மாநிலம். சர்க்கார் வேலைக்காரர்கள் எந்தப் பக்கம் வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அக்காவின் அம்மை படுக்கையில் விழுந்திருந்தாள். அக்காவுக்கு வேறு வழி இல்லை. எனக்கும் என் வீடு இந்தப் பக்கம். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. ஸ்டவ்வைப் பற்றிப் பேசினோம்.

அவள் போகும் நாளில் நண்பகல் வெயில். தெற்கே அருமனைக்குப் போகும் பஸ் வரவில்லை. தகரப்பெட்டியின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகப் பஸ் வராவிட்டால் அதற்கு ஒரு வெத்திலை கொடுப்பாள். அன்று அந்தச் சம்பந்தியை அவள் கவனிக்கவே இல்லை. அப்போது ராசம்மை மேட்டிலிருந்து இறங்கி வந்தாள், பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. பிள்ளைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த பருவம். பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. பிறகு முடிச்சை அவிழ்த்து, இரண்டு கைகளாலும் பிள்ளையை நீட்டினாள்.

"ஒருக்கா எடுங்க சிஸ்டரே."

அக்கா எழுந்து நின்றாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வாங்கினாள். பிள்ளை அவளுடைய காதைப் பிடித்து இழுத்தது, மூக்கைக் கடித்துப் பார்த்தது. அக்கா பிள்ளையின் உச்சியில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள், வெயிலில்.

பஸ் வந்தது. வரும்போதே ஆட்கள் முட்டி மோதினார்கள். "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டினார். யாரோ பெட்டியைத் தூக்கி மேலே எறிந்தார்கள். கூட்டம் அக்காவைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே ஏற்றியது. மணி அடித்தது. பஸ் நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன். பிள்ளை அவள் இடுப்பில்.

"அய்யோ! பிள்ள! பிள்ள!" என்று கத்திக்கொண்டு ஓடப் பார்த்தேன். ராசம்மை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை.

"என்னத்துக்கு சிஸ்டர் வெப்ராளப்படுகிய? அவிய கையிலல்லா இருக்கு."

சாலை வளைவுக்குச் சற்று முன்னால், கோட்டுக்கு அப்பால் அந்த மாநிலத்தில், பஸ் நின்றது. அக்கா பிள்ளையோடு இறங்கி சாலையோரத்தில் நின்றாள். இங்கிருந்து பார்க்க ஒரு விரல் உயரம். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்துக் கையை வீசினார், சீக்கிரம் வா என்று. ராசம்மை நடக்கத் தொடங்கினாள். ஓடவில்லை. பைய நடந்தாள். சந்தைக்குப் போகிறவள் நடப்பதுபோல.

"ஓடு ராசம்மே! பஸ் போயிரும்!" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "போவட்டு சிஸ்டர். அடுத்த பஸ் சாயங்காலம் உண்டு."

பஸ் காத்திருந்தது. ஆரன் அடித்தது. பிறகு பொறுமை போய்க் கிளம்பிவிட்டது, மேலே அக்காவின் தகரப்பெட்டியோடு. அக்கா அதைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். சாலையில் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்த ராசம்மையைப் பார்த்தாள். சிரித்தாள். அவ்வளவு தூரத்திலும் எனக்குக் கேட்டது, கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படியான சிரிப்பு.

நானும் கோட்டைத் தாண்டிப் போயிருப்பேன். சாயங்காலம் வரை அவளோடு அந்த ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அதற்குள் ஒருவன் சைக்கிளை எறிந்துவிட்டு ஓடி வந்தான். "சிஸ்டரே, வீட்டுக்காரிக்கு நோவு. நீங்க வரணும்." விடுதியில் இனி நான் ஒருத்திதான். பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன். அக்காவின் சிரிப்பு ரப்பர் மரங்கள் வரை என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அதை நான் கேட்கவில்லை.